கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றியது

உ

பிரிக்பீல்ட்ஸ்,
வெள்ளிக்கிழமை காலை.

அன்பு மகள் மாதவிக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான் இருக்கிறேன், உன் தம்பி ஜீவனும் இருக்கிறான், அங்கே அபர்டீன் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் அதுவே எங்களுக்குப் போதும். நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், இந்த வருஷம் அந்த வார்த்தைக்குப் பேனா ஓட மாட்டேன் என்கிறது. வருஷம் முடியும் வரை கோயிலுக்குள் போகக்கூடாதாம், அதனால் தினமும் காலையில் ஸ்கொட் ரோடு வரை நடந்து, கந்தசாமி கோயில் எதிரில் நின்று, கோபுரத்தைப் பார்த்து உனக்காக ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருகிறேன். போன் பண்ணினால் நீ எடுப்பதில்லை. கடைசியாகப் பேசியபோது, நான் லேப் பக்கமே போகலம்மா, வேலைய விடப் போறேன், என் காளான்தாம்மா அப்பாவக் கொன்னுச்சு என்று சொல்லிப் போனை வைத்தவள்தான், அதற்குப் பிறகு நான் அனுப்புவதற்கெல்லாம் இரண்டு நீலக் கோடு விழுகிறது, பதில் விழுவதில்லை. ஜீவனோடு படித்த விமலன் எண்ணெய்க் கம்பெனிப் பயிற்சிக்கு உன் ஊருக்கே வருகிறானாம், ஆன்டி ஏதாச்சும் கொடுத்தனுப்பணுமா என்று கேட்டான். வாட்ஸ்அப் என்றால் பாதியில் மூடிவிடுவாய், காகிதத்தைக் கிழித்துப்போட உனக்கு மனசு வராது, அதனால்தான் எழுதுகிறேன். திட்டுவதற்கு எழுதுகிறாள் என்று நினைக்காதே. கொஞ்சம் திட்டவும் செய்வேன், பெற்றவள் திட்டாமல் யார் திட்டுவது?

ஜீவன் செராஸ் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கேயே வந்துவிட்டான். வேலை முடிந்து வந்து சோறு வடிக்கிறான், குழம்பில் உப்பு போடுவதே இல்லை. உங்கப்பாவுக்காக உப்பில்லாமல் சமைத்துச் சமைத்து இந்த வீட்டுக்கே உப்பு மறந்துவிட்டது, நானும் அதையே சாப்பிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் சென்டர் வேன் கீழே வந்து நின்று ஹாரன் அடித்தது. புது டிரைவர், அவருக்கு யாரும் சொல்லவில்லை போல. நான் பாட்டுக்குப் போர்வையையும் பிஸ்கட்டையும் பையில் வைத்து எடுத்துக்கொண்டு கதவு வரை போய்விட்டேன். வாசலில் உங்கப்பா செருப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பால்கனியில் நின்று, அங்கிள் இல்லப்பா, இனிமே வராதப்பா என்று சொன்னேன், அந்தப் பிள்ளை தொப்பியைக் கழற்றிவிட்டு எவ்வளவு நேரம் நின்றது தெரியுமா. அன்றைக்குத்தான் நான் வாய்விட்டு அழுதேன். அதுவரை வந்தவர்களுக்குக் கோப்பி கலக்கவே நேரம் சரியாக இருந்தது.

இனி நான் எழுத வந்ததை எழுதுகிறேன். அந்தப் பத்திரிகைக்காரரிடம் நீ என்ன சொன்னாய் என்பது எனக்குத் தெரியும், நீ இங்கே லீவில் வந்திருந்தபோது நம் வீட்டு ஹாலில் உட்கார்ந்துதானே பேசினாய். புலிப்பால் காளான் கிழங்கிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்தோம், தட்டில் வளர்த்த சிறுநீரக அணுக்களில் அது தழும்பு விழுவதைக் குறைக்கிறது, எலிக்குக்கூட இன்னும் கொடுத்துப் பார்க்கவில்லை, மனுஷருக்கு மருந்தாக எத்தனையோ வருஷம் ஆகும், ஆகாமலும் போகலாம் என்று சொன்னாய். அவர் நன்றாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு போய், சிறுநீரக நோய்க்குக் காளானில் மருந்து, மலேசியத் தமிழ்ப் பெண் சாதனை என்று உன் போட்டோவோடு போட்டுவிட்டார். உங்கப்பா அதை வெட்டி லாமினேட் செய்து சென்டருக்குக் கொண்டுபோய்க் கட்டில் கட்டிலாகக் காட்டினார். நர்ஸ்கூட, அங்கிள், உங்க மகள் வந்தா எங்களுக்கு வேலை போயிடும் லா என்று கேலி பண்ணியதாம். அடுத்த வாரமே உன் லோகேஸ்வரி அத்தை கிள்ளான் பக்கத்து மேருவிலிருந்து வந்து இறங்கினாள், கையில் ஒரு டப்பா. கிள்ளானில் யாரோ ஏஜெண்டிடம் வாங்கிய காளான் பொடி. அண்ணே, நம்ம புள்ள கண்டுபிடிச்சதுதான், ஊரே சாப்பிடுது, நீங்க மட்டும் சாப்பிடாம இருந்தா எப்படி என்றாள். உங்கப்பா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சரி, காலைல ஒரு டம்ளர் கலந்து கொடு என்று என்னிடம் நீட்டினார்.

நீ தண்ணீர்ப் பாட்டில் விஷயத்தை மறந்திருக்க மாட்டாய். ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று டாக்டர் சொன்ன அளவைக் காலையிலேயே அந்த நீலப் பாட்டிலில் ஊற்றி வைத்துவிடுவேன், கோப்பி, கஞ்சி, மாத்திரைத் தண்ணீர் எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். பொடி வந்த பிறகு அதற்கும் ஒரு டம்ளர் அதிலிருந்துதான் எடுத்தேன், அவருடைய காலைக் கோப்பி போய்விட்டது. ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார், காற்றாட நின்று மெதுவாகக் குடிக்கிறேன் என்பார். நான் அடுப்படியில் இருப்பேன், காலி டம்ளர் திரும்பி வரும். மனுஷன் இவ்வளவு ஒழுங்காக ஒரு மருந்தைச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை, எல்லாம் மகள் மேல் உள்ள பாசம் என்று எனக்குள் ஒரு பெருமைதான். அப்புறம் ஒரு நாள், இன்னைக்கு டயாலிசிஸ் வேணாம், உடம்பு லேசா இருக்கு, மக மருந்து வேலை செய்யுது என்றார். கத்தினேன், ஜீவனைக் கூப்பிட்டேன், சென்டரிலிருந்தும் போன் பண்ணினார்கள். அவர்தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறவர் ஆயிற்றே. மறு முறை போனார், அதற்கடுத்த முறை போகவில்லை. அப்படியே இடைவெளி கூடிக்கொண்டே போயிற்று. உன்னிடம் மட்டும் சொல்லக்கூடாது, ஆராய்ச்சி நேரத்தில் பிள்ளை மனசு கலையக்கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். உன் மருந்தை உன்னிடமே மறைக்கச் சொன்னாரே, அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா மாதவி? உறைக்கவில்லை. எனக்கும் அது மருந்தாக இருந்துவிடக் கூடாதா என்ற ஆசை. கால் வீங்கியது, மூச்சு இழுத்தது, ஆம்புலன்ஸ் வருவதற்குள் நுரையீரலெல்லாம் தண்ணீர் ஏறிவிட்டது. மீதி உனக்குத் தெரியும்.

நீ வந்து இறங்கிய அன்று கூடத்தில் அத்தனை பேருக்கு முன்னால் லோகேஸ்வரி மார்பில் அடித்துக்கொண்டு, புள்ள சொன்ன மருந்தை நம்பித்தானே எங்கண்ணன் போய்ட்டாரு, படிச்சு என்னா பிரயோசனம் என்று கத்தினாள் பார், நான் அப்போதே அவள் வாயை அடைத்திருக்க வேண்டும். புருஷனைக் கிடத்தியிருக்கும்போது எனக்கு நாக்கு எழவில்லை. கிள்ளான் கடலில் அஸ்தி கரைத்த மறுநாளே நீ பெட்டியைக் கட்டிவிட்டாய், காரியத்துக்குக்கூட நிற்கவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது, அது சரி. ஆனால் அத்தையை நீ வெறுக்காதே. அந்த டப்பாவை வாங்கி வந்தவள் அவள். அந்த நெருப்பு அவள் மடியைச் சுட்டது, தாங்க முடியாமல் எடுத்து உன் மேல் போட்டுவிட்டாள். அப்படிப் பார்த்தால் தினமும் கலக்கிக் கையில் கொடுத்தது நான். உனக்குப் பழி உண்டென்றால் எனக்கு இல்லையா? இதை நினைத்துக்கொண்டு எத்தனை நாள் அந்த டம்ளரைக் கழுவாமலே வைத்திருந்தேன் தெரியுமா.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அவருக்குப் பிடித்ததெல்லாம் படையல் வைத்தேன், உப்பு போட்டே வைத்தேன். ஐயர் வருவதற்கு முன்னால் கீழ்க்கடை பக்கிரிசாமி வந்தார். நம் பிளாட்டுக்குக் கீழே மூலையில் டீத்தண்ணீர்க் கடை போட்டிருக்கிறாரே, நீ பள்ளிக்கூடம் விட்டு வரும்போது உனக்கு ஐஸ் மீலோ கொடுப்பாரே, அவர்தான். பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கயிறு கட்டிய தே தாரேக் டீ ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, அக்கா, இதையும் வச்சிடுங்க என்றார். எனக்குச் சுருக்கென்றது. சர்க்கரை, பால், தண்ணீர், மூன்றும் ஆகாத மனுஷனுக்கு இது எதற்கு, அவர் இதைத் தொட்டே பல வருஷம் ஆயிற்றே என்றேன். அவ்வளவுதான், பக்கிரிசாமி அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்.

உங்கப்பா தினமும் காலையில் பேப்பர் வாங்கப் போகிறேன் என்று இறங்கி அங்கே உட்கார்ந்து தே தாரேக் குடித்திருக்கிறார். பக்கிரிசாமி தர மாட்டேன் என்று சொன்னதற்கு, கவலைப்படாத பக்கிரி, எங்க வீட்டுக் கணக்கு தப்பாது, இங்க ஒரு டம்ளர் குடிச்சா அங்க அந்த ஒரு டம்ளர் பொடித் தண்ணியக் கருவேப்பிலைக்கு ஊத்திடறேன் என்றாராம். அது உங்க மக மருந்து இல்லையாண்ணே என்று இவர் கேட்டிருக்கிறார். அதற்கு உங்கப்பா சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன், கவனமாகப் படி. மருந்துமில்ல ஒண்ணுமில்ல பக்கிரி. எம்மக எனக்குப் போன்ல தெளிவாச் சொல்லிட்டா, இது இன்னும் மருந்தாகல, கடைல விக்கிறதை வாங்கிடாதீங்கப்பான்னு. அவ பொய் சொல்ற பொண்ணு இல்ல. எனக்கு முடியல பக்கிரி. ஊசி குத்திக் குத்திக் கை மரக்கட்டை ஆயிடுச்சு. போதும்னு சொன்னா சீதா விட மாட்டா, ஜீவன் தூக்கிட்டாவது போவான். மக மருந்து சாப்பிடறேன்னு சொன்னா மட்டும்தான் யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க. இதுதான் அவர் சொன்னது. சொல்லிவிட்டு, இதை யார்கிட்டயும் சொல்லாதே என்று பக்கிரிசாமியிடமும் ஒரு சத்தியம் வாங்கியிருக்கிறார். ஊரெல்லாம் சத்தியம் வாங்கி வைத்திருக்கிறார் பார் உங்கப்பா.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மனுஷன். எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கு அவர் படத்துக்கு மாலையே போட்டிருக்க மாட்டேன், ஜீவன்தான் போட்டான். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளிடம், எனக்குப் போதும் சீதா என்று ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லையா? சொல்லியிருந்தால் விட்டிருப்பேனா என்று கேட்டால், விட்டிருக்க மாட்டேன்தான். காலில் விழுந்தாவது வேனில் ஏற்றியிருப்பேன். அது அவருக்குத் தெரிந்திருக்கிறது. மகளை ஊரெல்லாம் தலையில் தூக்கி வைத்து ஆடியதும் பொய்யில்லை, அந்தப் பெருமையின் பின்னால் போய் ஒளிந்துகொண்டதும் பொய்யில்லை. உன் தலையில் இவ்வளவு பெரிய கல் விழும் என்று மட்டும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டார், அதை நான் நிச்சயமாகச் சொல்வேன்.

இதை அன்றைக்கே உனக்கு எழுதியிருப்பேன். ராத்திரி படுத்த பிறகு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. பக்கிரிசாமி இளகின மனசுக்காரர். லோகேஸ்வரி கத்தியதை அவரும் வாசலில் நின்று கேட்டார், நீ அழுதுகொண்டே டாக்சி ஏறியதையும் பார்த்தார். நமக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று இட்டுக்கட்டிச் சொல்கிறாரோ? காலையில் எழுந்து நேரே பால்கனிக்குப் போனேன். அந்தக் கறிவேப்பிலைத் தொட்டிக்கு நான்தான் தண்ணி ஊத்துவேன், நீ தொடாதே என்று உங்கப்பா சொல்லியிருந்ததால் நான் பல மாதமாக அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மண்ணின் மேலே கேழ்வரகுக் கூழ் காய்ந்த மாதிரி பழுப்பாகப் பத்துப் பிடித்து, தொட்டி விளிம்பிலும் வழிந்து காய்ந்திருந்தது. இரண்டு நாள் மழையில் அதன் நடுவே மஞ்சளாகக் குட்டிக் குட்டிக் குடை நாலைந்து முளைத்திருந்தன. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது, உன் காளான்தான் முளைத்துவிட்டது, பக்கிரிசாமி சொன்னது சத்தியம் என்று ஜீவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன், அரைச்ச பொடி எப்படிம்மா முளைக்கும், மழைக்கு எல்லாத் தொட்டிலயும் வர்றதுதான் இது, அந்தப் பத்துகூட உரமா இருக்கலாம் என்று சொல்லிவிட்டான். படித்தவன் சொன்னால் நான் என்ன சொல்ல? உன் வயிற்றெரிச்சல் தீர வேண்டும் என்றால் பக்கிரிசாமி வாய் வார்த்தை போதாது, என் சிலிர்ப்பும் போதாது. நீ எதையும் கண்ணால் பார்க்காமல் நம்புகிறவளா?

அதனால் நான் ஒரு வேலை செய்திருக்கிறேன். இங்கே யுனிவர்சிட்டியில் படித்த காலத்தில் நீயும் அப்பாவும் மோட்டார் சைக்கிளில் பந்திங் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்கு அந்தண்டை காட்டோரம் போய்க் காளான் பொறுக்கி வருவீர்கள் இல்லையா, அப்போது நீ சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பிளாஸ்டிக்கில் போட்டால் வேர்த்து அழுகிவிடும், காகித உறைதான் வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்து எதையும் முடிவு பண்ணக்கூடாது, ஒப்பிட்டுப் பார்க்க வேறொன்று வேண்டும். மண் கொண்டுபோனால் ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்கள் என்று ஜீவன் சொன்னதால் மண்ணைத் தொடவில்லை. கறிவேப்பிலைத் தொட்டி விளிம்பில் காய்ந்திருந்த பத்தைத் தோசைக் கரண்டியால் சுரண்டி ஒரு உறையில் போட்டிருக்கிறேன். டப்பாவில் மிச்சமிருந்த பொடி இரண்டாவது உறை. பக்கத்தில் இருக்கும் துளசித் தொட்டி விளிம்பில் சுரண்டியது மூன்றாவது, அது சாமிச் செடி, அதில் அவர் ஊற்றியிருக்க வழியில்லை. கரண்டியை ஒவ்வொரு தடவையும் கழுவித் துடைத்துத்தான் எடுத்தேன். ஒவ்வொரு உறையிலும் எழுதி ஒட்டியிருக்கிறேன். உங்கப்பா ரயில்வே பார்சல் ஆபீசில் இருந்தவர் இல்லையா, உன் உறைகளுக்கெல்லாம் அவர்தானே எழுதி ஒட்டுவார், எங்கே எடுத்தது, யார் எடுத்தது என்று எழுதாத பார்சல் அனாதைப் பார்சல் என்று சொல்லிக்கொண்டே.

மாதவி, இதை வேறு யாரும் எனக்குப் பார்த்துச் சொல்ல முடியாது. பக்கத்துத் தெரு டாக்டரிடம் கொண்டுபோனால் பாவம் கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார். நீதான் உன் லேப்புக்குப் போக வேண்டும், பெரிதாக்கிக் காட்டும் அந்தக் கண்ணாடியில் வைத்துப் பார்க்க வேண்டும். அன்றைக்கு உன் காளானை எனக்குக் காட்டினாயே, நூல் நூலாக, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாமல், அது அந்த முதல் உறையிலும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல். அதற்குப் பிறகு வேலையை விடுகிறாயோ, வைத்துக்கொள்கிறாயோ, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். அவர் ஊற்றியிருந்தால், உன் காளான் அவர் வாயில்கூடப் படவில்லை என்று ஆகிறது. அவர் தானாகத்தான் புறப்பட்டிருக்கிறார். அப்புறம் எனக்கு அவர் மேல் கோபம் ஒன்றுதான் பாக்கி, அதைப் படத்துக்கு முன்னால் நின்று நானே தீர்த்துக்கொள்வேன். குடித்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுது. என் மனசு நோகும் என்று நீயும் உங்கப்பா மாதிரி ஒரு டம்ளரை எங்கேயாவது கொட்டிவிட்டு வந்து நிற்காதே. பொய் சொல்ற பொண்ணு இல்ல என்று உன்னைச் சொல்லிவிட்டுத்தான் அவர் போயிருக்கிறார். எது வந்தாலும் நீ அங்கே பாதி, நான் இங்கே பாதி சுமப்போம்.

விமலனிடம் மிளகாய்த் தூளும், மாசி வடகமும், உன் நீலக் கம்பளிச் சட்டையும் கொடுத்திருக்கிறேன். சட்டையை மாட்டிக்கொண்டே வெளியே போ, வாரத்துக்கு ஒரு நாளாவது தலைக்கு எண்ணெய் வை. அந்தக் கந்தன் உன்னைக் கைவிட மாட்டான், உன் கைபட்டது எதுவும் ஒருநாளும் வீண்போகாது, பெற்ற வயிறு சொல்கிறது, நன்றாக இருப்பாய். மறந்துவிடாதே, உறைகளை ஈரமில்லாத இடத்தில் வை. தொட்டிக்கு நான் இன்னும் தண்ணீர் ஊற்றவில்லை, அது உன் பதிலுக்காகக் காய்ந்துகொண்டிருக்கிறது.

எடுத்த இடம்: பிரிக்பீல்ட்ஸ், மூன்றாம் மாடி பால்கனி, கறிவேப்பிலைத் தொட்டி.
ஊற்றியவர்: அப்பா (தெரியவில்லை, பார்த்துச் சொல்லவும்).
சேகரித்தவர்: அம்மா.